எப்படி இயங்குகிறது? தயிர் உறைவதும் பூனை ஒதுங்குவதும்

கொல்லிமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வளப்பூர் நாட்டைப் பார்த்தும் பார்க்காமலும் திரும்பிவிடுகிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் டீ குடித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, படியிறங்கி ஆகாயகங்கையில் குளித்து முடித்ததும் வண்டி கீழே கிளம்பிவிடும். கோயிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குள் நடந்தால்தான் வீட்டுத் தோட்டங்கள் கண்ணில் படும். வீட்டுக்குப் பக்கவாட்டிலோ கொல்லையிலோ ஒரு துண்டு நிலம். அதில் ஒரு கீரைப்பாத்தி, அவரைப் பந்தல், நாலு வாழை, ஒரு பலா, சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறிய மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி. ஓரத்தில் கத்தரி, மிளகாய் நாற்று விட்ட சின்னப் பாத்தி ஒன்றும் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பூனைக்கு இவற்றில் மிகவும் பிடித்தவை அந்தக் கீரைப்பாத்தியும் நாற்றுப்பாத்தியும்தான். நேற்று விதைத்த விதை இன்று காலை மண்ணோடு மண்ணாகக் கிளறிக் கிடக்கும். களை பறிக்கக் கை வைத்தால் பூனைக் கழிவு விரலில் படும். அந்த நாற்றம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கீரைப்பாத்தியிலிருந்துதான் ராத்திரிச் சோற்றுக்குக் கீரை வருகிறது. தவழ்கிற பிள்ளை உட்கார்ந்து மண் அளைவதும் அங்கேதான். பூனைக்காரரோ பெரும்பாலும் அண்ணன் தம்பி முறையாகவோ மாமன் மச்சான் முறையாகவோ இருப்பார். ஒரு பூனையால் இரண்டு வீட்டுக்கு நடுவே பேச்சு நின்றுபோவது எந்த ஊரிலும் நடக்கிறதுதான்.

கல்லை விட்டெறிந்தால் ஓடும். மறுநாள் வந்துவிடும். ஏன் வருகிறது என்பது புரிந்தால் நிறுத்தும் வழியும் தெரியும். அதைப் புரிந்துகொள்ள அடுப்படியில் தயிர் உறைவதைப் பார்த்தால் போதும்.

தயிருக்கு வேண்டியவை மூன்று. இளஞ்சூடான பால், ஒரு துளி உறைமோர், யாரும் தொடாமல் வைத்திருக்கும் சில மணி நேரம். மூன்றும் கூடிவிட்டால் நாம் பக்கத்தில் நின்று பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உறைந்துவிடும். ஒன்று குறைந்தால் உறையாது. பூனை ஓரிடத்தைக் கழிப்பிடமாக ஆக்கிக்கொள்வதும் இப்படித்தான். பொலபொலவென்ற மண்தான் அங்கே பால். முன்பு போனதன் வாசனைதான் உறை. ஆள் நடமாட்டமில்லாத பொழுதுதான் பாத்திரம் அசையாமல் இருக்கும் நேரம். கல்லெறிவது, உறைந்துகொண்டிருக்கும் பாத்திரத்தை ஒரு தடவை குலுக்கிவிட்டு அதே மூலையில் திரும்ப வைப்பதற்குச் சமம். பாலும் உறையும் அப்படியே இருக்கின்றன.

முதலில், வந்தது யார்?

கொல்லிமலையில் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். தோட்டத்தில் கிடப்பதெல்லாம் வீட்டுப் பூனையின் வேலை என்று சொல்லிவிட முடியாது. காபியும் பலாவும் உள்ள இடத்துக்கு மரநாய் வரும். அது பழம் தின்னும் பிராணி. அதன் கழிவில் காபிக் கொட்டையும் பழ விதைகளும் முழுசாகத் தெரியும். பாறை மேலோ, கல்கட்டின் மேலோ, விழுந்து கிடக்கும் மரத்தின் மேலோ திறந்தபடி போட்டுவிட்டுப் போகும், மூடாது. வீட்டுப் பூனை கையகலத்துக்கு ஒரு குழி பறித்து, அதில் கழித்து, நாலாபுறமும் இருந்து மண்ணை இழுத்து மூடும். பாத்தியில் சின்ன மேடும் நகம் கீறிய கோடுகளும் இருந்தால் பூனை. மண் பரவலாகச் சீய்க்கப்பட்டு, குழியே இல்லாமல் கிடந்தால் அது கோழியாக இருக்கலாம். மரநாயும் காட்டுப்பூனையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதோ பொறி வைப்பதோ கூடாது. வந்தது மரநாய் என்றால், பழுத்து விழுந்த பலாவையும் வாழையையும் அன்றன்றைக்குப் பொறுக்கி எடுப்பதுதான் செய்யக்கூடிய வேலை. பக்கத்து வீட்டாரைக் குறை சொல்லும் முன் இந்த ஒரு நாள் சோதனை அவசியம்.

பால்: மண்

பூனை மண்ணில் குழி பறித்து மூடுவதை அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பிறந்து நாலு வாரம் ஆன குட்டி, தாய் பக்கத்தில் இல்லாவிட்டாலும், உதிரி மண்ணைக் கண்டால் முன்காலால் வழித்துப் பார்க்கும். உலகத்து வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியாவின் காட்டுப்பூனை வழியில் வந்தவை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்துப் பிராணி அது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்லியலாளர்கள் கண்டு 2004-இல் அறிவித்தார்கள். மனிதர் தானியம் சேர்த்தார்கள், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் வீட்டில் சேர்த்து வைக்கிற வளப்பூர் நாட்டில் அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. அடுத்த வீட்டுப் பூனை நம் வீட்டு எலியையும் சேர்த்தே பிடிக்கிறது. பூனையே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த வறண்ட நிலத்துக் கால்கள் தேடுவது உலர்ந்த, நொறுங்கிய, கல்லும் வேரும் இல்லாத மண். விதை போடுவதற்காக நாம் கொத்தி, கட்டி உடைத்து, சலித்த தொழுவுரம் போட்டு, கையால் நிரவி வைக்கிற பாத்தி அப்படியே அதற்கு ஏற்றது. நாம் விதைக்குச் செய்கிற பக்குவமெல்லாம் பூனைக்கும் பக்குவம். செடி வளர்ந்து தரையை மறைத்துவிட்டால் பாதித் தொல்லை தானே தீர்ந்துவிடும். ஆகவே காக்க வேண்டியது விதைத்த நாளிலிருந்து இலை பரவும் வரை உள்ள சில வாரங்களைத்தான்.

அதற்குச் செலவில்லாத வழி குச்சி. காபிச் செடியைக் கவாத்து செய்தபோது வெட்டிப் போட்ட மிளாறுகள் எந்தத் தோட்டத்திலும் கிடக்கும். அவற்றைச் சாண் நீளத்துக்கு நறுக்கிப் பாத்தி முழுதும் நாலு விரற்கடைக்கு ஒன்றாகச் செங்குத்தாகக் குத்திவிட வேண்டும். பூனைக்குத் திரும்பிச் சுற்றி, குழி பறித்து, குந்துவதற்கு ஓர் அடிக்குக் குறையாத வெற்றிடம் தேவை. குச்சிக் காட்டில் அந்த இடம் கிடைக்காது. கூர் சீவ வேண்டியதில்லை. குத்திக் காயப்படுத்துவது நோக்கமே கிடையாது, இடைஞ்சல் மட்டும் போதும். மூங்கில் சிம்பும் ஆகும்.

இன்னும் உறுதியான வழி கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலை. அதைப் பாத்தியின் மேல் தட்டையாக விரித்து, ஓரத்தில் கல் வைத்து, மேலே விரலளவு மண் தூவிவிடலாம். கீரை வலைக்கண் வழியாக மேலே வந்துவிடும். பூனை ஒரு முறை காலால் வழிக்கப் பார்க்கும். நகம் கம்பியில் படும். அந்த இடத்தில் மண் இல்லை என்று அது முடிவு செய்துகொள்ளும். பிடுங்கும் கீரைக்கு வலை சரிப்படாது, அரிந்தெடுக்கும் கீரைக்குச் சரியாக வரும். வாழை, மிளகு, காபி மரங்களின் தூரைச் சுற்றிக் கூழாங்கல்லோ ஜல்லியோ பரப்பினாலே போதும். நார்த்தூள் மட்டும் வேண்டாம். ஈரம் காக்கும் என்று அதைப் பரப்புவார்கள், காய்ந்தபின் அது மண்ணைவிட மெத்தென்று ஆகிப் பூனையை இன்னும் அழைக்கும்.

மாலையில் மேல்மண் நனையும்படி நீர் தெளிப்பதும் உதவும், ஈர மண்ணைப் பூனை விரும்புவதில்லை. ஆனால் மலையில் மழை பிடித்துவிட்டால் ஊரே ஈரம். அப்போது அது உலர்ந்த இடம் தேடி இறவாரத்துக்கு அடியிலும், வீடு கட்ட இறக்கி வைத்த எம்-சாண்ட் குவியலுக்கும் போகும். குவியலின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால், அந்த மணலைச் சலிக்கிறவர்தான் பாவம்.

புல்தரை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் விடுதிக்காரர்கள்தாம், அல்லது புதிதாக மாடி வீடு கட்டியவர்கள். அடர்ந்த புல்லில் பூனையால் தோண்ட முடியாது. அது போவது புல் செத்துச் சொட்டையான இடங்களுக்கும், புல்லும் நடைபாதையும் சேரும் ஓரத்து மண்ணுக்கும். சொட்டையில் புது மண் போட்டுப் புல் பதித்தால் வேர் பிடிக்கும் வரை அங்கும் அதே கம்பி வலை.

உறை: வாசனை

தயிர்ப் பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசி வைத்தால் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். அடுத்த நாள் அதில் காய்ச்சிய பால் ஊற்றினால் திரிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தது வேலை செய்துவிட்டது. பூனை விஷயத்தில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். கழிவை அள்ளி எறிந்துவிட்டு மண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பூனைச் சிறுநீரின் அந்தத் தனி நெடிக்குக் காரணம் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம். வெளியேறும்போது அதற்கு வாசனை பெரிதாக இல்லை. காற்றுப்பட்டு மெல்லச் சிதையச் சிதைய நெடியுள்ள கந்தகச் சேர்மங்கள் வெளிவருகின்றன. அதனால்தான் முதல் நாளைவிட மூன்றாம் நாள் நாற்றம் கூடுகிறது. ஃபெலினின் உண்டாவதைச் சிறுநீரில் உள்ள காக்சின் என்ற புரதம் கட்டுப்படுத்துகிறது என்பதை ஜப்பானிய அறிவியலாளர் மசாவோ மியாசாகியும் அவருடைய குழுவினரும் 2006-இல் விளக்கினார்கள். காயடிக்காத கடுவனின் சிறுநீரில் ஃபெலினின் மிக அதிகம், காயடித்தபின் வெகுவாகக் குறைந்துவிடும். இது பின்னால் நமக்குப் பயன்படும்.

ஆகவே கழிவோடு அதைச் சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணையும் மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டும். செடி இல்லாத இடமென்றால் கொதிக்கிற வெந்நீர் ஊற்றலாம். சிமெண்டுத் தளமோ கல்படியோ என்றால் சலவைத்தூள் கரைத்த நீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, கழுவி, வெயில் பட விட வேண்டும். நொதி சேர்த்த சலவைத்தூளாக இருந்தால் இன்னும் நல்லது, வாசனையை மறைக்காமல் அதற்குக் காரணமான பொருளையே அது சிதைக்கிறது. வெட்டி எடுத்த மண்ணை எல்லாம் எறிந்துவிடாமல், ஒரு கை மண்ணைப் பழைய டப்பாவில் போட்டு மூடித் தனியே வையுங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

வாசனை என்றதும் குப்பைமேனியையும் சொல்ல வேண்டும். பூனைவணங்கி என்றும் அதற்குப் பெயர் உண்டு. செடி நிற்கும்வரை பூனை அதைக் கண்டுகொள்ளாது. வேரோடு பிடுங்கினால், அந்தப் பச்சை வேரின் வாசனைக்குப் பூனை தேடி வந்து முகர்ந்து, கடித்து, புரளும். களை எடுத்த குப்பைமேனியைப் பாத்தி ஓரத்திலேயே குவித்து வைப்பது நம் வழக்கம். அதை நிறுத்தி, தொலைவில் கொண்டுபோய்ப் போட்டால் ஓர் அழைப்பு குறையும்.

அசையாத நேரம்

பூனை பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை மலம் கழிக்கும், அதுவும் சாப்பிட்டபின். அது சுற்றித் திரிகிற பொழுது விடியலும் அந்தியும். அந்த நேரத்தில் யாராவது தோட்டத்தில் இருந்தால் அது வேறிடம் பார்க்கும். களை எடுப்பதையும் நீர் விடுவதையும் இரண்டு வாரத்துக்கு விடியற்காலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொண்டாலே பழக்கம் தளரும்.

ஆள் இல்லாதபோது அந்த வேலையைச் செய்யக் கருவிகள் வந்திருக்கின்றன. உடல் வெப்பம் அசைவதை அகச்சிவப்பு உணரியால் கண்டு, சட்டென்று நீர் பீய்ச்சும் தெளிப்பான் ஒன்று. பூனைக்குக் காயமில்லை, திகைப்பு மட்டும். குழாயில் அழுத்தமுள்ள தண்ணீர் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். ஊற்றிலிருந்து ஓஸ் பைப்பில் மெல்ல இறங்கும் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஒத்துவராது. இன்னொன்று மீயொலிக் கருவி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும், பூனைக்கு ஏறத்தாழ 85,000 வரை கேட்கும். அந்த இடைவெளியில் ஒலி எழுப்பிப் பூனையைத் தொந்தரவு செய்வது இதன் வழி. பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அவ்வளவுதான். விலை கொடுத்து வாங்குகிறவர்கள் முழு விடுதலையை எதிர்பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வாசலில் வைப்பது ஜப்பானில் பூனைக்காகப் பரவிய பழக்கம். நம் ஊர்களில் நீலம் கலந்து நாய்க்காக வைக்கிறோம். பூனை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

செய்யக் கூடாதவை

பாத்தி ஓரத்தில் பினாயில் ஊற்றுவதுதான் நம் வீடுகளில் முதலில் தோன்றும் யோசனை. தயவுசெய்து வேண்டாம். பினால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகவும் பலவீனம். அதனால்தான் நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லக்கூடும். பினாயிலில் கால் வைத்த பூனை, உடம்பைச் சுத்தம் செய்ய அந்தக் காலை நக்குகிறது. விஷம் அப்படியே உள்ளே போகிறது. அந்துருண்டையும் இப்படித்தான், அதை மிட்டாய் என்று பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் கூட. மிளகாய்த்தூள் தூவினால் காலில் ஒட்டியது முகம் துடைக்கும்போது கண்ணுக்குப் போகும். காபித்தூள் சக்கையில் மிஞ்சியிருக்கும் காஃபீன் பூனைக்கு ஆகாது. எலுமிச்சை, நார்த்தங்காய்த் தோல் போட்டால் சில பூனைகள் விலகும், இரண்டு நாளில் வாசனை போனதும் திரும்பி வரும். போடுவதில் கெடுதல் இல்லை, அதையே நம்பியிருக்கவும் முடியாது.

கருவாட்டில் எலி மருந்து கலந்து வைப்பதைப் பற்றிப் பேசவே மனம் கூசுகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி எந்த விலங்கையும் விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அந்தக் கருவாட்டை நாயும் தின்னும், கோழியும் கொத்தும். சட்டம் இல்லாவிட்டாலும், எலி பிடித்துக் கொடுத்த ஓர் உயிருக்கு அதன் இயல்பான காரியத்துக்காக அப்படிச் செய்வது தகாது.

இன்னொரு பாத்திரம்

தயிர்க் கணக்கு ஓரிடத்தில் பூனைக்குப் பொருந்தாது. பால் உறையாவிட்டால் பாலாகவே இருந்துவிடும், அதற்கு ஒன்றும் நட்டமில்லை. பூனைக்கு எங்காவது போயாக வேண்டும். நம் பாத்தியில் மண்ணையும் வாசனையையும் நேரத்தையும் மூன்றையும் கெடுத்துவிட்டால், அது மூன்றாம் வீட்டுப் பாத்திக்குப் போகும். அங்கே புதிதாக ஒரு சண்டை. நிறுத்துவது என்பதில் பாதி வேலை நம் தோட்டத்தில் இருக்கிறது, மீதிப் பாதி பூனைக்காரர் கொல்லையில் இருக்கிறது.

வீட்டில் உறை தீர்ந்துபோனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவோம். இங்கே நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தனியே எடுத்து வைத்த அந்த ஒரு கை மண்ணுக்கு இப்போது வேலை.

பூனைக்காரர் வீட்டில், ஆள் அதிகம் போகாத மூலையில், 2 அடி அகலம், 3 அடி நீளம், ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து ஆற்றுமணலோ சலித்த மண்ணோ நிரப்ப வேண்டும். மழை மலை என்பதால் மேலே ஒரு தகரமோ பழைய ஓலையோ சாய்வாகப் போட்டால்தான் மணல் உலர்ந்திருக்கும், உலர்ந்திருந்தால்தான் பூனை வரும். சோறு வைக்கும் இடத்தை ஒட்டி வேண்டாம், தின்னும் இடத்தருகே பூனை கழிக்காது. பூனை வழக்கமாக நம் வேலியைத் தாண்டுகிற பாதையில் இருந்தால் நல்லது. அந்த மணலில் டப்பாவில் இருக்கும் மண்ணைக் கலந்துவிடுங்கள். தெரிந்த வாசனை, தோண்டத் தோதான மணல், தொந்தரவில்லாத மூலை. மூன்றும் அங்கே கூடிவிட்டன. தினமும் கழிவை அள்ளிவிட வேண்டும், அள்ளாமல் விட்டால் பூனை அந்தக் குழியை வெறுத்துப் பழைய பாத்திக்கே வரும். சோற்றைக் கண்ட நேரத்தில் போடாமல் காலை, மாலை என்று வேளை வைத்துப் போட்டால் அது ஒதுங்கும் நேரமும் ஒழுங்குக்கு வரும்.

இதைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கழிவை முறத்தில் அள்ளிக்கொண்டு போய் வாசலில் போட்டுவிட்டுப் பேசினால் குழி வெட்ட யாரும் வரமாட்டார்கள். "அக்கா, உங்க பூனையால எங்க வீட்டுலயும் எலித் தொல்லை இல்ல. கீரைப்பாத்தியிலதான் வந்து போவுது, பாப்பா அதுலதான் வெளையாடுது. உங்க கொல்லையில ஒரு மணல்குழி எடுத்தா அங்கயே பழகிடும், மணலு நான் கொண்டாரேன்" என்றால் பேச்சு வேறு விதமாகப் போகும். மணல் நம்முடையதாக இருப்பது நல்லது. முதல் வாரம் அள்ளுகிற வேலையையும் நாமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அள்ளியதை எங்கே போடுவது? காய்கறித் தோட்டத்து எருக்குழியில் கூடவே கூடாது. வீட்டு எருக்குழியின் சூடு கிருமிகளையும் புழு முட்டைகளையும் கொல்லும் அளவுக்கு நிச்சயமாக ஏறும் என்று நம்ப முடியாது. கிணறு, ஊற்று, ஓடை எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து, ஓர் அடிக்கு மேல் ஆழமாகப் புதைக்க வேண்டும். ஊற்றுத் தண்ணீரையே குடிக்கும் ஊரில் இதில் கவனக்குறைவு கூடாது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஓரணு ஒட்டுண்ணிக்காக. இது முதன்முதலில் 1908-இல் கண்டறியப்பட்டது. அதன் முட்டை போன்ற கூடுகள் பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே உருவாகி மலத்தில் வருகின்றன என்பது தெளிவாக இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எலியையோ பறவையையோ பிடித்துத் தின்று முதல் முறை தொற்று வாங்கும் பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை இலட்சக்கணக்கில் அந்தக் கூடுகளைக் கழிக்கும். அதன்பின் பெரும்பாலும் கழிக்காது. வெளிவந்த கூடு உடனே தொற்றாது, அது முதிர 1 முதல் 5 நாள் வரை ஆகும். தினமும் அள்ளச் சொல்வது இதனால்தான். அள்ளாமல் விட்டால் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கொல்லிமலை மண் பெரும்பாலும் அப்படிப்பட்ட மண். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குத் தொற்றினாலும் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். கர்ப்பிணிக்கு முதல் முறையாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கேடு வரலாம். ஆகவே கர்ப்பிணிகள் அந்தப் பாத்தியில் வெறுங்கையால் களை எடுக்க வேண்டாம், குழி அள்ளும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். வேகவைத்த கீரையில் பயமில்லை. பச்சையாகச் சேர்க்கும் கொத்தமல்லியையும் புதினாவையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். பூனையின் உருண்டைப் புழு முட்டைகளும் மண்ணில் வெகுகாலம் இருக்கும். பிள்ளைகள் மண் அளைந்துவிட்டு வந்தால் நகக்கண்வரை சோப்புப் போட்டுக் கழுவுவது அதற்காகவும்தான்.

இத்தனையும் செய்து, தொல்லை சுவரிலும் கதவிலும் பீய்ச்சுகிற நெடியாகத் தொடர்ந்தால், அது கழிப்பிடம் தேடுவது அன்று. காயடிக்காத கடுவன் தன் எல்லையைக் குறிக்கிறது. அதற்கு மணல்குழி பயன்படாது. காயடித்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடும், ஃபெலினின் குறைவதால் நெடியும் குறையும். பெட்டைக்கும் கருத்தடை செய்வது நல்லது. ஒன்பது வாரத்தில் குட்டி போட்டு, சில மாதத்தில் மறுபடி சினையாகிவிடும், ஒரு பூனை ஒரே ஆண்டில் பத்துப் பூனையாகிவிட்டால் எந்தக் குழியும் போதாது. மலையிலிருந்து இறங்கினால் மாவட்டத் தலைநகரான நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூடி போட்ட கூடையில் வைத்துப் பேருந்தில் கொண்டு போகலாம், மயக்க மருந்துக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. பயணச் செலவை இரண்டு வீடும் பகிர்ந்துகொண்டால் பூனைக்காரருக்குத் தயக்கம் குறையும்.

வேலையின் வரிசை மாறக் கூடாது. முதலில் குழி, பிறகுதான் வலையும் குச்சியும். பாத்தியை முதலில் அடைத்துவிட்டால் பூனை குழிக்குப் போகும் என்பதற்கு உறுதியில்லை. ஆடிப் பட்டத்தில் விதைக்க எண்ணுகிறவர்கள் ஆனி முதல் வாரத்திலேயே பேசி, குழி எடுத்து, பழைய மண்ணைக் கலந்துவிட வேண்டும். பூனை அங்கே நாலைந்து நாள் தொடர்ந்து போனது தெரிந்தபின், பாத்தியைக் கொத்தி, விதை தூவி, அன்று மாலையே வலையை விரித்துவிடுங்கள்.